முள்ளோடை பெட்ரோலும் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒரு ஹோஸும்

மச்சானுடைய காருக்கு என்ன கோளாறு என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வந்தது. ப்ளக் என்றார் ஒருவர். இக்னிஷன் காயில் என்றார் இன்னொருவர். ஏர் ஃப்ளோ சென்சார் போச்சு என்று அடித்துச் சொன்னார் வேறொருவர். ப்ளக்கும் காயிலும் புதுசு போட்டாயிற்று, சென்சாரைக் கழற்றி ஸ்பிரே அடித்துக் கழுவியாயிற்று, த்ராட்டில் பாடியையும் பளபளவென்று துடைத்தாயிற்று. வண்டி மட்டும் சிக்னலில் நின்றால் பழையபடி துள்ளிக்கொண்டே இருந்தது. கடைசியில் பில்களையெல்லாம் டேஷ்போர்டில் செருகிக்கொண்டு அரியாங்குப்பத்திலிருந்து கடலூருக்கு வந்து, "மாமா, நீங்களே ஒரு தடவை பாத்துடுங்க" என்று சாவியை நீட்டிவிட்டான்.

நான் மெக்கானிக் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவில் வேலை. பிரஷர் கேஜ், கண்ட்ரோல் வால்வு, என்ஆர்வி (ஒரு வழி வால்வு) இவற்றோடுதான் நாள் போகும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அளந்து பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இந்தப் பதிவும் அதைப் பற்றித்தான்: டர்போ பெட்ரோல் இன்ஜினில் வேக்கம் லீக்கை, அதாவது அளக்காத காற்று உள்ளே நுழையும் ஓட்டையை, எப்படி அளந்து பிடிப்பது.

வண்டி பிஒய் 01 நம்பர் செடான். 1.8 லிட்டர், நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, டர்போ பெட்ரோல். நம் ஊரில் டர்போ என்றாலே டீசல் என்று இருந்த காலத்து வண்டி. காற்றை அளக்க மாஃப் சென்சார் உண்டு, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் எலெக்ட்ரானிக்.

மச்சான் சொன்ன அறிகுறிகளை அப்படியே எழுதிக்கொண்டேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரளவு ஒழுங்காக நிற்கும். சூடான பிறகுதான் ஆட்டம். ஆர்பிஎம் முள் 650-க்கும் 1100-க்கும் நடுவே ஏறி இறங்கும். ஏசி போட்டால் ஸ்டீரிங் வரை அதிர்வு. செக் இன்ஜின் லைட் எரிந்தால் பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் போதவில்லை என்ற கோட். பிக்கப் முன்பு மாதிரி இல்லை. டேப்பெட் கவர் ஓரத்தில் ஆயில் கசிகிறது, பேக்கிங் மாற்றியும் நிற்கவில்லை. இன்னொன்றை அவன் போகிற போக்கில் சொன்னான்: "முள்ளோடையில ஃபுல் டேங்க் அடிச்சா மட்டும் அடுத்த ஸ்டார்ட் டக்குனு புடிக்காது மாமா, நாலஞ்சு செகண்ட் இழுக்கும்."

கடலூர்க்காரர்களுக்கு முள்ளோடையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாண்டி எல்லையில் நுழைந்ததும் வரி குறைவு, பெட்ரோலும் மலிவு. இந்தப் பக்கத்து வண்டி பாதி அங்கேதான் டேங்க் நிரப்பும். பங்கில் கலப்படம் என்று மச்சான் முடிவே கட்டிவைத்திருந்தான். எனக்கு அந்த வாக்கியம் வேறு பக்கம் கைகாட்டியது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் டர்போவில் என்ன தனி என்று பார்த்துவிடுவோம். சாதாரண பெட்ரோல் இன்ஜினில் த்ராட்டிலுக்குப் பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் மேனிஃபோல்டில் எப்போதும் உறிஞ்சல்தான். முழு ஆக்சிலேட்டரில்கூட அது வெளிக்காற்று அழுத்தத்தைத் தாண்டாது. டர்போவில் அதே மேனிஃபோல்ட் ஐடிலில் உறிஞ்சும், மிதித்தால் ஊதும். அங்கே ஒரு ஓட்டை இருந்தால் ஐடிலில் மாஃப் சென்சாருக்குத் தெரியாத காற்று உள்ளே வரும், கலவை வெளுக்கும், அதாவது பெட்ரோல் போதாது. பூஸ்ட், அதாவது டர்போ ஊதும் அழுத்தம், ஏறும்போது அளந்து உள்ளே விட்ட காற்று அதே ஓட்டை வழியாக வெளியே போகும். கம்ப்யூட்டர் முழுக் காற்றுக்கும் பெட்ரோல் ஊற்றிவிட்டு ஏமாறும். ஒரே ஓட்டை, ஐடிலில் பெட்ரோல் குறைவு, பூஸ்டில் பெட்ரோல் அதிகம். இதனால்தான் மேனிஃபோல்டில் சேரும் பெரும்பாலான ஹோஸ்களில் ஒரு வழி வால்வு வைத்திருக்கிறார்கள். பிரேக் பூஸ்டருக்கு ஒன்று, பிஸ்டனுக்கு அடியில் இருக்கும் கிராங்க்கேஸிலிருந்து புகை வரும் வழியில் ஒன்று, பெட்ரோல் டேங்க் ஆவி வரும் வழியில் ஒன்று. எங்கள் பிளான்ட்டில் இதை என்ஆர்வி என்போம். பிளான்ட்டாக இருந்தாலும் காராக இருந்தாலும், யாரும் கவனிக்காமல் கெட்டுப்போவது என்ஆர்விதான்.

சரி, ஸ்கேனர். ப்ளூடூத் ஓபிடி ஒன்று போதும். அதில் பார்க்க வேண்டியது ஃப்யூல் டிரிம்: கம்ப்யூட்டர் தன் கணக்குக்கு மேல் எத்தனை சதவீதம் பெட்ரோலைக் கூட்டுகிறது (பிளஸ்) அல்லது குறைக்கிறது (மைனஸ்) என்ற எண். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஏசி ஆஃப், ஐடிலில் பார்த்தது: லாங் டேர்ம் ஃப்யூல் டிரிம் +18, ஷார்ட் டேர்ம் +6 சுற்றி. மாஃப் சென்சார் காட்டிய காற்று 2.1 கிராம்/செகண்ட். ஆக்சிலேட்டரை மெல்ல மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்து நிறுத்தினால் காற்று 9 கிராமுக்குப் போயிற்று, டிரிம் மொத்தமே +5-க்கு இறங்கியது.

இந்த இரண்டு வரியிலேயே பாதி விசாரணை முடிந்துவிட்டது. மாஃப் சென்சார் சோர்ந்துபோயிருந்தால் காற்று கூடக் கூடத்தான் பிழையும் கூடும். பம்ப் பலவீனம், ஃபில்டர் அடைப்பு என்றாலும் லோடு ஏறும்போதுதான் டிரிம் எகிறும். இங்கே நேர் எதிர். ஐடிலில் மோசம், ரேஸ் பண்ணினால் சரியாகிறது. சென்சாருக்குப் பின்னால் எங்கோ காற்று வாங்குகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2.1 கிராமில் 24 சதவீதம் என்றால் அரை கிராம். அதே அரை கிராம் 9 கிராமில் ஐந்தரை சதவீதம். இரண்டு அளவும் ஒரே ஓட்டையைச் சொல்கின்றன. இப்படிப் பொருந்துவது தற்செயல் இல்லை. ஓட்டைக்கு உள்பக்க அழுத்தம் வெளியழுத்தத்தில் பாதியைக் கொஞ்சம் தாண்டின அளவுக்குக் கீழே, துல்லியமாகச் சொன்னால் 0.53 மடங்குக்குக் கீழே போய்விட்டால், அதன் வழியாக வரும் காற்று ஒலியின் வேகத்தைத் தொட்டுவிடும். அப்புறம் எவ்வளவு உறிஞ்சினாலும் அளவு கூடாது. ஐடிலிலும் லோடு இல்லாத 2500-லும் மேனிஃபோல்ட் அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும், அதனால் லீக் மாறவே மாறாது. இதே கணக்கில் ஓட்டையின் அளவும் கிடைக்கிறது: செகண்டுக்கு அரை கிராம் காற்று வர இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போதும். தீக்குச்சித் தடிமன். இத்தனை ஆட்டத்துக்கும் காரணம் அவ்வளவுதான் இருக்கும் என்று தெரிந்தால், மேலோட்டமாக டார்ச் அடித்துப் பார்த்து "ஹோஸெல்லாம் நல்லா இருக்கு" என்று சொல்லத் தோன்றாது.

காலையில் ஏன் ஆட்டம் இல்லை என்பதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பெட்ரோல் தாராளமாக ஊற்றப்படும், ஆக்சிஜன் சென்சாரும் சூடாகி வேலைக்கு வந்திருக்காது. அந்தத் தாராளத்தில் லீக் மறைந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இந்தக் கணக்கு மாஃப் சென்சார் உள்ள வண்டிக்குத்தான். இப்போது வரும் சின்ன டர்போ பெட்ரோல் இன்ஜின்கள் பலவற்றில் மாஃப் கிடையாது, மேனிஃபோல்ட் அழுத்தத்தை அளந்து காற்றைக் கணக்கிடும் மேப் சென்சார்தான். அதில் லீக் வழியாக வரும் காற்றும் அழுத்தமாகத் தெரிந்துவிடும், அதற்கேற்ற பெட்ரோலும் ஊற்றப்படும். டிரிம் பெரிதாக அசையாது. ஐடில் ஆர்பிஎம் கூடும், அல்லது அதை அடக்க த்ராட்டில் அளவுக்கு மீறி மூடிக்கொள்ளும்.

அடுத்தது வேக்கம் கேஜ். இந்தக் காரில் அழுத்தத்தை அளக்கும் சென்சார் த்ராட்டிலுக்கு முன்னால் இன்டர்கூலர் பைப்பில் இருக்கிறது, அதனால் மேனிஃபோல்டில் என்ன நடக்கிறது என்று ஸ்கேனரில் பார்க்க முடியாது. முள் வைத்த கேஜ்தான் வழி. ஃப்யூல் பிரஷர் ரெகுலேட்டருக்குப் போகும் சின்ன ஹோஸில் டி ஜாயின்ட் போட்டு மாட்டினேன். டர்போவுக்கு வாங்கினால் ஒரு பக்கம் வேக்கமும் மறுபக்கம் பிரஷரும் காட்டும் காம்பவுண்ட் கேஜாக வாங்குங்கள். வேக்கம் மட்டும் காட்டும் கேஜை மாட்டி ரோட்டில் ஓட்டிப் பூஸ்ட் ஏறினால் கேஜ் காலி.

கடல் மட்டத்தில் ஆரோக்கியமான இன்ஜின் ஐடிலில் 17 முதல் 21 இன்ச் பாதரசம் வரை காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஒரு இன்ச் குறையும் என்பது தோராயக் கணக்கு. ஊட்டியில் இதே வண்டி ஏழு இன்ச் குறைவாகக் காட்டினாலும் கோளாறு இல்லை. நாம் இருப்பது மஞ்சக்குப்பம். சில்வர் பீச்சிலிருந்து கூப்பிடு தூரம், எதையும் கழிக்கவே வேண்டாம். முள் 16-க்கும் 17-க்கும் நடுவே மெதுவாக அலைந்தது. வால்வு ஒன்று எரிந்திருந்தால் முள் ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி விழும். இது அப்படி இல்லை. சட்டென்று மிதித்து விட்டால் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு விழுந்து, 23-ஐத் தாண்டி எகிறி, திரும்பி வந்து அமர்ந்தது. ரிங்கில் குறை இல்லை. 2500-இல் பிடித்துக்கொண்டு நின்றேன், முள் சரியவில்லை. சைலன்சர் பக்கம் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் அங்கே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கும்.

இவ்வளவு லீக் இருந்தும் முள் 16-க்கு மேலே எப்படி நிற்கிறது? எலெக்ட்ரானிக் த்ராட்டிலின் வேலை அது. பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் லீக் வந்த அளவுக்கு முள் விழுந்திருக்கும். இதில் கம்ப்யூட்டர் லீக் காற்றை ஈடுகட்ட த்ராட்டிலை மூடிக்கொண்டே வரும். ஸ்கேனரில் த்ராட்டில் கோணத்தைப் பார்த்தால் மூடும் எல்லைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் மூட இடமில்லை, ஐடிலைக் கையாளச் சுதந்திரம் இல்லை, ஆகவே துள்ளல். போதாததற்கு, த்ராட்டில் பாடியைத் துடைத்தவர்கள் அடாப்டேஷன் செய்யவில்லை. அழுக்கு இருந்தபோது கற்ற பூஜ்யத்தையே கம்ப்யூட்டர் இன்னும் நம்பிக்கொண்டிருந்தது. கேஜை மட்டும் பார்த்திருந்தால் "கொஞ்சம் கம்மி, பரவாயில்லை" என்று விட்டிருப்போம். டிரிம், த்ராட்டில் கோணம், கேஜ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் கதை புரிகிறது.

இனி எங்கே என்று தேட வேண்டும். மேனிஃபோல்டில் சேரும் ஒவ்வொரு ஹோஸையும் கழற்றி, நிப்பிளை ரப்பர் மூடியால் அடைத்து, முள் என்ன செய்கிறது என்று பார்ப்பது முறை. பிளையரால் நசுக்கிப் பார்ப்பார்கள் சிலர். இருபது வருஷம் வெயிலும் உப்புக்காற்றும் தின்ற ரப்பரை நசுக்கினால் இல்லாத லீக்கும் வந்துவிடும்.

பிரேக் பூஸ்டர் ஹோஸை அடைத்தேன், மாற்றமில்லை. பூஸ்டரையும் தனியாகச் சோதித்தேன்: இன்ஜினை நிறுத்திப் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கி, மிதித்த காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்கியது. ஆக்சிலேட்டரை விட்டதும் டர்போவின் அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வுக்குப் போகும் ஹோஸிலும் மாற்றமில்லை. அதன் உள்ளே இருக்கும் டயஃபிரம் கிழிந்தால்கூட மேனிஃபோல்ட் இன்டர்கூலர் பைப்பிலிருந்துதான் காற்று வாங்கும்; அது ஏற்கெனவே மாஃப் சென்சார் அளந்த காற்று, டிரிமில் தெரியாது. அதனால் அதை டிரிமை நம்பாமல் சிரிஞ்சால் சோதிக்க வேண்டும்.

சிரிஞ்ச் என்றதும் மச்சான் சிரித்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 50 மில்லி பிளாஸ்டிக் சிரிஞ்ச், முனையில் ஒரு சாண் வேக்கம் ஹோஸ். கையால் அடிக்கும் வேக்கம் பம்ப் விலைக்கு இது ஒரு பெட்டியே வாங்கலாம். டைவர்ட்டர் வால்வில் மாட்டி இழுத்தேன். பிஸ்டன் விறைப்பாக நின்றது, விட்டதும் பழைய இடத்துக்குப் பாய்ந்தது. டயஃபிரம் நன்றாக இருக்கிறது.

அடுத்து பர்ஜ் வால்வு. முள்ளோடை சமாசாரம் இங்கேதான். பெட்ரோல் டேங்கில் கிளம்பும் ஆவியைக் கரித்தூள் நிரம்பிய ஒரு டப்பா பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறந்து அந்த ஆவியை மேனிஃபோல்டுக்குள் இழுத்து எரித்துவிடும். கரன்ட் இல்லாதபோது அந்த வால்வு மூடியிருக்க வேண்டும். மூடாவிட்டால் இரண்டு விதமாகத் தொந்தரவு. சாதாரண நாளில் டப்பா வழியாக வெறும் காற்று வரும், கலவை வெளுக்கும். டேங்க் நிரப்பிய கையோடு டப்பா முழுக்க ஆவி. ஸ்டார்ட் செய்யும்போதே அது மேனிஃபோல்டுக்குள் புகுந்து பெட்ரோல் அதிகமாகிவிடும், இன்ஜின் மூச்சுத் திணறும். பங்கில் பெட்ரோல் சரியில்லை என்று தோன்றுவது இதனால்தான்.

உறுதிப்படுத்த மச்சானை முள்ளோடைக்குப் போய் நிரப்பிக்கொண்டு வரச் சொன்னேன், நானும் ஸ்கேனரோடு ஏறிக்கொண்டேன். ஸ்டார்ட் இழுத்தது. பிடித்த பிறகு ஐடிலில் ஷார்ட் டேர்ம் டிரிம் −9. அதுவரை +6 காட்டிய வண்டி. ரெட்டிச்சாவடி வருவதற்குள் படிப்படியாகப் பூஜ்யத்தைத் தாண்டி மறுபடி பிளஸ்ஸுக்குப் போய்விட்டது. இப்படி நிறம் மாறும் லீக் பர்ஜ் லைன் ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் வால்வின் கனெக்டரைக் கழற்றி, டப்பா பக்கத்து ஹோஸை உருவி, விரலை வைத்தேன். கரன்ட்டே இல்லை, விரலை இழுத்துப் பிடித்தது. கழற்றித் தட்டினால் கருப்புத் தூள். டப்பாவிலிருந்து கரி உதிர்ந்து வால்வின் உட்காரும் இடத்தில் சிக்கியிருக்கிறது. கழுவிப் போட்டுப் பார்க்கலாம்தான், ஆனால் மறுபடி கரி வரும். புதுசு போட்டு, டப்பா பக்கத்தில் ஒரு சின்ன ஃபில்டரையும் சேர்த்தேன்.

டிரிம் மொத்தம் 24-லிருந்து 13-க்கு வந்தது. மாஃப் 2.3 கிராம். மீதம் 0.3 கிராம் எங்கோ இன்னும் உள்ளே வருகிறது. கேஜில் பெரிய மாற்றமில்லை. ஒரு லீக் கிடைத்ததும் நிறுத்திவிடும் பழக்கம்தான் நிறைய வண்டிகளைக் கெடுக்கிறது. வயதான வண்டியில் ஹோஸெல்லாம் ஒரே வயது.

தண்ணீர் ஸ்பிரே பாட்டிலால் மேனிஃபோல்ட் பேக்கிங், இன்ஜெக்டர் ஓரங்கள் என்று பீய்ச்சிப் பார்த்தேன். லீக்கில் தண்ணீர் பட்டால் சத்தம் ஒரு கணம் மாறும். மாறவில்லை. இந்த இடத்தில் பெட்ரோலைப் பாட்டிலில் ஊற்றித் தெளிப்பவர்கள் உண்டு. பின்பக்கம் டர்போ கொதித்துக்கொண்டிருக்கும் இன்ஜினில் அதைச் செய்யவே கூடாது. கார்ப் கிளீனர் ஸ்பிரேவும் எரியும் சரக்குதான்.

தெருமுனையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அண்ணன் எட்டிப்பார்த்துவிட்டு, "தம்பி, புகை போட்டுப் பாரு. இதுக்கு மேல கண்ணால தேடுறது வீண்" என்றார். அவரிடம் மெஷின் இல்லை, ஆனால் டீசல் வண்டியில் கழற்றிய பழைய குளோ ப்ளக் (கரன்ட் கொடுத்தால் பழுக்கச் சூடாகும் ப்ளக்) இருந்தது. ஒரு லிட்டர் பெயின்ட் டின் மூடியில் ஓட்டை போட்டு, ஒரு உலோகப் பட்டையில் குளோ ப்ளக்கை முடுக்கி உள்ளே தொங்கவிட்டேன். அடியில் கொஞ்சம் பேபி ஆயில், ப்ளக்கைச் சுற்றிப் பஞ்சுத் திரி. இரண்டு குழாய், ஒன்று காற்று உள்ளே, ஒன்று புகை வெளியே. காற்றுக்கு மீன் தொட்டி பம்ப். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை இதில் மாட்டக் கூடாது. மீன் தொட்டி பம்ப் இரண்டு மூன்று பிஎஸ்ஐ தாண்டாது, எந்த சீலையும் பிதுக்காது. குளோ ப்ளக் பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மெல்லிய வயர் போட்டால் புகை வயரிலிருந்து வரும். விட்டுவிட்டுத்தான் கரன்ட் கொடுக்க வேண்டும், பக்கத்தில் ஒரு வாளி மணல் வைத்துக்கொள்ள வேண்டும்.

இன்ஜின் ஆஃப். இன்டர்கூலர் பைப்பைக் கழற்றி, த்ராட்டிலின் வாயைப் பாலிதீன் கட்டி அடைத்தேன். பிரேக் பூஸ்டர் நிப்பிள் வழியாகப் புகையை மேனிஃபோல்டுக்குள் விட்டேன். உடனே எதுவும் நடக்காது, உள்ளே இருக்கும் இடமெல்லாம் நிரம்ப வேண்டும். ஃபேனை நிறுத்திவிட்டு, கடல் காற்று புகாமல் ஷெட் கதவையும் சாத்திவிட்டுக் காத்திருந்தோம். முதலில் டிப்ஸ்டிக் குழாய் வாயிலிருந்து ஒரு மெல்லிய இழை. அப்புறம் மேனிஃபோல்டுக்கு அடியில், ஆயில் ஃபில்டருக்கு மேலே, கை நுழையாத சந்திலிருந்து வெள்ளையாகப் புகை சுருண்டு வந்தது.

இரண்டு புகைக்கும் ஒரே லைன்தான் காரணம். கிராங்க்கேஸில் சேரும் புகையை உறிஞ்சி எரிக்கும் பிசிவி லைன். ஐடிலில் அது மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் ஏறினால் நடுவில் இருக்கும் என்ஆர்வி மூடிக்கொள்ளும், புகை டர்போவின் வாய்ப்பக்கத்துக்குத் திரும்பிவிடும். அந்த என்ஆர்வி சரியாக இருந்தால் மேனிஃபோல்டில் விட்ட புகை கிராங்க்கேஸுக்குள் போகவே கூடாது. பிஸ்டன் ரிங் இடைவெளியில் கொஞ்சம் கசியலாம், ஆனால் டிப்ஸ்டிக் வாயில் இழையாக நிற்கிற அளவுக்கு வராது.

முன் பம்பர் பக்கத்திலிருந்து கை விட்டு அந்த எல்போ ஹோஸை உருவி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மச்சானுடைய கைதான் ஒல்லி. அவனையே உள்ளே விடச் சொன்னேன். வெளியே வந்த ஹோஸின் மேல்பக்கம் பார்க்க நன்றாகவே இருந்தது. அடிப்பக்கம் ஆயில் ஊறி, இரண்டு விரலில் பிழிந்தால் பிசினாக ஒட்டியது. வளைவில் ஒரு வெடிப்பு. சும்மா இருந்தால் உதடு மூடினாற்போல மூடிக்கொள்ளும், லேசாக வளைத்தால் திறக்கும். மேலிருந்து எத்தனை பேர் டார்ச் அடித்தும் தெரியாததற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

என்ஆர்வியைச் சிரிஞ்சில் மாட்டினேன். தள்ளினாலும் போகிறது, இழுத்தாலும் வருகிறது. மிதிக்கும்போதெல்லாம் பூஸ்ட் நேராகக் கிராங்க்கேஸுக்குள் போயிருக்கிறது. டேப்பெட் கவர் பேக்கிங் மாற்றியும் ஆயில் நிற்காததும், பிக்கப் போனதும் இதனால். உள்ளே அழுத்தம் இருந்தால் எந்தப் பேக்கிங்கும் தாங்காது.

சாமான் பாண்டியில் கிடைக்கவில்லை, சென்னை ஜிபி ரோட்டிலிருந்து வரவழைத்தோம். மொத்த பிசிவி ஹோஸ் செட்டும் இரண்டு என்ஆர்வியும். கடைக்காரர் பளிச்சென்று நீலத்தில் சிலிக்கான் ஹோஸ் காட்டினாராம். வேக்கம் லைனுக்கும் இன்டர்கூலருக்கும் சிலிக்கான் அருமையான சரக்கு, வெயிலுக்கு அசையாது. ஆனால் ஆயில் ஆவி ஓடும் பிசிவி லைனில் சாதாரண சிலிக்கான் ஆயிலைக் குடித்து ஊதிப்போகும். அங்கே நைட்ரைல் ரப்பர், அல்லது உள்பக்கம் ஆயில் தாங்கும் பூச்சு உள்ளதுதான் வேண்டும். என்ஆர்வியில் அம்புக்குறி இருக்கும். கிராங்க்கேஸிலிருந்து மேனிஃபோல்ட் பக்கம் பார்க்க வேண்டும். சின்ன வேக்கம் ஹோஸ்களையும் இதோடு நாலு மில்லி சிலிக்கானாக மாற்றிவிட்டேன். எர்த் போல்ட்டில் உப்புப் பூத்துப் பச்சையாக இருந்தது, தேய்த்து முடுக்கிக் கிரீஸ் தடவினேன்.

மூடுவதற்கு முன்னால் பூஸ்ட் பக்கத்தையும் பார்த்துவிடலாம் என்று, டர்போவின் வாயில் அளவுக்கேற்ற பிவிசி எண்ட் கேப்பை கிளாம்ப் போட்டு இறுக்கினேன். கேப்பில் ஒரு ட்யூப்லெஸ் டயர் வால்வு. டயர் பம்பால் 10 பிஎஸ்ஐ, ஜாயின்ட்டெல்லாம் சோப்புத் தண்ணீர். மூடியை டர்போவுக்கு முன்னால் இருக்கும் ரப்பர் பைப்பில் போட்டால் அதில் சேரும் கிராங்க்கேஸ் புகைக் குழாய் (பிரீதர்) வழியாகக் காற்று கிராங்க்கேஸில் ஏறி ஆயில் சீலைத் தள்ளிவிடும், டர்போ வாயிலேயே போடுவது நல்லது. இன்டர்கூலரின் கீழ் ஹோஸில் மட்டும் சின்னக் குமிழ். கிளிப்பைத் திருப்பி இறுக்கினதும் நின்றது.

பிறகு த்ராட்டில் அடாப்டேஷன். இக்னிஷன் ஆன், இன்ஜின் ஆஃப், பெடலைத் தொடக் கூடாது. ஸ்கேனரில் பேசிக் செட்டிங் கொடுத்தால் த்ராட்டில் தானாக கடகடவென்று திறந்து மூடி எல்லைகளைக் கற்றுக்கொள்ளும். இந்த வேலைக்குச் சாதாரண ஓபிடி போதாது, கம்பெனிக்கு உரிய சாஃப்ட்வேர் வேண்டும். அண்ணனின் நண்பர் ஒருவரிடம் இருந்தது. பழைய டிரிம் எண்களையும் அழித்துவிட்டோம்.

ஈசிஆரில் அரியாங்குப்பம் வரை ஓட்டி, திரும்பி வந்து அளந்தேன். சூடான ஐடிலில் மாஃப் 2.6 கிராம், டிரிம் மொத்தம் +2, +3. வேக்கம் 19 இன்ச், முள் ஒட்டிவைத்த மாதிரி நின்றது. ஏசி போட்டால் பதினேழரை. ஆர்பிஎம் 800-ஐ விட்டு அசையவில்லை. மறுபடி முள்ளோடையில் டேங்க் நிரப்பியதும் ஸ்டார்ட் உடனே பிடித்தது. "அப்ப பங்கு மேல தப்பு இல்லயா மாமா?" என்றான் மச்சான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

பழைய ஆயிலைத் துடைத்துவிட்டு டேப்பெட் கவரைக் கவனித்து வருகிறோம், இதுவரை ஈரம் இல்லை. டிரைவில் போட்டு பிரேக் மிதித்து நின்றால் ஒரு மெல்லிய அதிர்வு மட்டும் இன்னும் இருக்கிறது. கேஜிலும் டிரிமிலும் அதன் சுவடே இல்லை, நியூட்ரலுக்குப் போனால் போய்விடுகிறது. இன்ஜின் மவுன்ட்தான் என்று நினைக்கிறேன். ஜிபி ரோட்டில் சொல்லிவைத்திருக்கிறது, வந்ததும் மாற்ற வேண்டும்.